கியர் ஆயில் காபி கலருக்கு மாறினால்... உங்கள் வேனின் 'கிரவுன்' காலி!

வடகிழக்குப் பருவமழை நெருங்கினாலே முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு வயிற்றில் புளி கரைய ஆரம்பித்துவிடும். 2015 டிசம்பர் 1-ம் தேதி தொடங்கி ஒரே நாளில் தாம்பரத்தில் சுமார் 49 செ.மீ மழை கொட்டியதையும், அடையாற்றுத் தண்ணீர் வீடுகளுக்குள் புகுந்ததையும் இங்கே யாரும் மறக்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து அந்தப் பாடத்தை இன்னொரு முறை நடத்திவிட்டுப் போனது. அதனால்தான் 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்த உடனே, வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். 'ஃபிரிட்ஜ் மாடிக்கு, கார் பாலத்துக்கு' என்பதுதான் இப்போது தென்சென்னைப் புறநகரின் மழைக்காலத் திட்டம்.

ஆனால், எல்லா வண்டிக்கும் பாலத்தில் இடம் கிடைக்காது. காலையில் லோடு இறக்கிவிட்டு வந்த குட்டி யானை, ஸ்கூல் டிரிப் முடித்துவிட்டு வந்த ஈக்கோ வேன், ஏர்போர்ட் சவாரி முடித்த இன்னோவா எல்லாம் தெருவில்தான் நிற்கும். தண்ணீர் ஏறிய பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதும் நம் மக்களுக்கு இப்போது அத்துப்படி. 'ஸ்டார்ட் பண்ணாதே, டோ பண்ணு' என்று பத்தாம் வகுப்புப் பையன்கூடச் சொல்வான். வண்டியை ஒர்க் ஷாப்புக்கு இழுத்துப் போகிறார்கள். இன்ஜின் ஆயில் மாற்றுகிறார்கள், ஏர் ஃபில்டர் மாற்றுகிறார்கள், சீட்டைக் கழற்றிக் காய வைக்கிறார்கள். வண்டி ஓட ஆரம்பித்துவிடுகிறது.

ஆனால், பின்சக்கரங்களுக்கு நடுவே தொங்கும் அந்த உருண்டையான இரும்புக் கூட்டை மட்டும் பலர் மறந்துவிடுகிறார்கள். அதற்குள் இருக்கும் சுமார் ஒன்றரை லிட்டர் எண்ணெயில் வெள்ளத் தண்ணீர் கலந்திருந்தால், அது அன்றைக்குத் தெரியாது. நான்கைந்து மாதம் கழித்து, நல்ல வெயில் காலத்தில், 'ஊய்ங்...' என்று ஒரு சத்தமாக வந்து நிற்கும். அந்த உருண்டைதான் டிஃபரென்ஷியல். நம்ம ஊர் மெக்கானிக் பாஷையில் சொன்னால், 'கிரவுன்'. இந்த வாரம் அதைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

என் வண்டிக்கு இது இருக்கா?

நான்கு சக்கர வண்டி என்றால் ஏதோ ஒரு இடத்தில் டிஃபரென்ஷியல் இருந்தே தீரும். எங்கே இருக்கிறது என்பதுதான் வண்டிக்கு வண்டி மாறும்.

ஆல்ட்டோ, ஸ்விஃப்ட், ஐ10 போன்ற முன்சக்கர இழுவை கார்களில், டிஃபரென்ஷியல் கியர்பாக்ஸுக்குள்ளேயே அடங்கியிருக்கும். இரண்டுக்கும் ஒரே எண்ணெய். கியர்பாக்ஸ் ஆயிலைக் கவனித்தால் இதையும் கவனித்த மாதிரிதான்.

டாடா ஏஸ், அசோக் லேலண்ட் தோஸ்த், மாருதி ஈக்கோ, பழைய ஆம்னி, பொலேரோ, ஸ்கார்ப்பியோ, இன்னோவா கிரிஸ்டா, டெம்போ டிராவலர் ஆகியவை பின்சக்கரத்துக்குச் சக்தி போகும் வண்டிகள். மறைமலை நகர் தொழிற்சாலையில் இருந்து வெளிவந்து இன்றும் நம் சாலைகளில் ஓடிக்கொண்டிருக்கும் ஃபோர்டு எண்டேவரும் இந்த ரகம்தான். இவற்றில் டிஃபரென்ஷியல் பின்பக்க ஆக்ஸிலில் தனியாக இருக்கும். அதற்குத் தனி எண்ணெய், தனி கெடு. ஃபோர் வீல் டிரைவ் என்றால் முன்பக்கமும் இன்னொன்று இருக்கும்.

ஆட்டோவிலும் உண்டு. பின்னால் இன்ஜின் வைத்த ஆட்டோக்களில் கியர்பாக்ஸோடு சேர்ந்தே இருக்கும். எலெக்ட்ரிக் கார்களில் மோட்டாரோடு சேர்ந்த கியர் பெட்டிக்குள் இருக்கும். பைக்குக்கு இது தேவையே இல்லை, ஏனென்றால் பின்னால் ஒரே ஒரு சக்கரம்தான். ஆனால், ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் கவனிக்க: உங்கள் பின்சக்கரத்தை ஒட்டியுள்ள கியர் பெட்டியிலும் கொஞ்சம் எண்ணெய் இருக்கிறது. பின்சக்கரம் பாதி மூழ்கியிருந்தால், அதையும் ஒருமுறை மாற்றச் சொல்லிவிடுங்கள்.

நான்கு மீட்டர் கணக்கு

இந்த டிஃபரென்ஷியல் அப்படி என்னதான் செய்கிறது? ஒரு சின்னக் கணக்கு போடுவோம்.

உங்கள் வேனின் இரண்டு பின்சக்கரங்களுக்கும் நடுவில் 1.3 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜி.எஸ்.டி சாலையில் ஒரு யூ டர்ன் அடிக்கிறீர்கள். உள்பக்கச் சக்கரம் சின்ன அரைவட்டம் போடும், வெளிப்பக்கச் சக்கரம் பெரிய அரைவட்டம் போடும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 1.3-ஐ 3.14-ஆல் பெருக்கினால் வருவது. அதாவது, ஏறக்குறைய நான்கு மீட்டர். குறுகலாகத் திரும்பினாலும் அகலமாகத் திரும்பினாலும் இந்த நான்கு மீட்டர் மாறாது.

இரண்டு சக்கரங்களையும் ஒரே இரும்புத் தண்டில் இறுக்கி வைத்திருந்தால், இந்த நான்கு மீட்டரை ஏதாவது ஒரு டயர் தேய்ந்துதான் ஈடுகட்ட வேண்டும். அந்தக் காலத்து மாட்டு வண்டியில் அச்சு அசையாமல் நிற்க, சக்கரங்கள் தனித்தனியாகச் சுற்றின. அதனால் பிரச்னை இல்லை. இன்ஜினே சக்கரத்தைச் சுற்ற வைக்கும் வண்டி வந்தபோதுதான் சிக்கல் வந்தது. சுற்றவும் வைக்க வேண்டும், தனித்தனி வேகத்திலும் விட வேண்டும். பிரான்ஸைச் சேர்ந்த ஒனேசிஃபோர் பெக்கர் என்பவர் 1820-களின் கடைசியிலேயே நீராவி வண்டிக்காக இதற்கு ஒரு பல்சக்கர அமைப்பைச் செய்து காப்புரிமை வாங்கினார். இன்று உங்கள் வேனுக்கு அடியில் இருப்பது அதன் பேரப்பிள்ளை.

உள்ளே நடப்பது இதுதான். இன்ஜினில் இருந்து வரும் நீளமான ஜாயின்ட் ஷாஃப்ட்டின் முனையில் ஒரு சின்ன பல்சக்கரம், அதன் பெயர் பினியன். அது ஒரு பெரிய பல்சக்கரத்தைச் சுற்றும், அதுதான் கிரவுன். பினியன் சுமார் நான்கைந்து சுற்று சுற்றினால்தான் கிரவுன் ஒரு சுற்று சுற்றும். வேகம் குறைந்து இழுவை கூடுவது இங்கேதான். கிரவுனோடு சேர்ந்து சுற்றும் கூட்டுக்குள் இன்னும் சில குட்டிப் பல்சக்கரங்கள் இருக்கும். நேராகப் போகும்போது அவை சும்மா இருக்கும். திரும்பும்போது மட்டும் உருண்டு, ஒரு சக்கரத்தின் வேகத்தைக் குறைத்து அதே அளவு இன்னொன்றுக்குக் கூட்டிவிடும்.

இதைக் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள ஆசையா? 1937-ல் ஷெவர்லே நிறுவனத்துக்காக எடுக்கப்பட்ட 'அரவுண்ட் தி கார்னர்' என்ற பழைய கறுப்பு வெள்ளைக் குறும்படம் இணையத்தில் கிடைக்கிறது. வீட்டில் எட்டாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் கூட வைத்துப் பாருங்கள். இன்றைக்கும் அதைவிட எளிமையாக யாரும் சொன்னதில்லை.

இந்த எண்ணெய் ஏன் தனி ரகம்?

கிரவுனும் பினியனும் உருண்டுகொண்டே உரசிச் சுற்றுபவை. முழு லோடின் சுமையும் ஒன்றிரண்டு பற்களின் மேல் விழும். சாதாரண இன்ஜின் ஆயில் போட்டால் அந்த அழுத்தத்தில் எண்ணெய்ப் படலம் கிழிந்து, இரும்பும் இரும்பும் நேராக உரசிவிடும். அதனால்தான் டிஃபரென்ஷியல் ஆயிலில் கந்தகம், பாஸ்பரஸ் கலந்த ரசாயனங்களைச் சேர்க்கிறார்கள். படலம் கிழிந்தாலும் இவை பல்லின் மேல் ஒரு காப்புப் பூச்சாக நின்று காக்கும். கியர் ஆயில் டப்பாவைத் திறந்ததும் மூக்கைப் பொத்த வைக்கும் அந்த வாடை, பெரும்பாலும் இந்தக் கந்தகத்தின் வேலைதான்.

டப்பாவில் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, 80டபிள்யூ-90, 85டபிள்யூ-140 என்பது போன்ற எண். இது எண்ணெயின் கெட்டித்தன்மை. இரண்டாவது, ஜி.எல்-4 அல்லது ஜி.எல்-5 என்ற தரம். பெரும்பாலான பின்பக்க டிஃபரென்ஷியல்களுக்கு ஜி.எல்-5 தான் கேட்பார்கள். பல மேனுவல் கியர்பாக்ஸ்களுக்கு ஜி.எல்-4. 'ரெண்டும் கியர் ஆயில்தானே' என்று மாற்றி ஊற்றக் கூடாது. ஜி.எல்-4 ஊற்றினால் கிரவுனுக்குப் போதுமான பாதுகாப்பு இருக்காது. ஜி.எல்-5 எண்ணெயில் உள்ள கூடுதல் கந்தகம் சில கியர்பாக்ஸ்களில் இருக்கும் பித்தளை வளையங்களை அரிக்கக்கூடும்.

தார் போன்ற சில வண்டிகளில் சேற்றில் சிக்காமல் இருக்க லாக் ஆகும் வகை டிஃபரென்ஷியல் வரும். அதற்கு என்ன எண்ணெய் என்பதை வண்டியோடு கொடுத்த புத்தகத்தைப் பார்த்து மட்டுமே முடிவு செய்யுங்கள். புத்தகம் தொலைந்துவிட்டால், பெரும்பாலான நிறுவனங்களின் இணையதளத்தில் பி.டி.எஃப் கிடைக்கும். இப்போதே டவுன்லோடு செய்து போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம். இன்ஜினில் ஆயில் குறைந்தால் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும். அளந்து பார்க்கக் குச்சி இருக்கும், அழுக்கு வடிகட்ட ஃபில்டர் இருக்கும். நம் ஊர் வேன், லோடு வண்டிகளின் டிஃபரென்ஷியலில் இது எதுவும் கிடையாது. கிரவுன் சக்கரம் எண்ணெயில் பாதி முங்கி, சுற்றும்போது வாரி இறைக்கும். அதுதான் மொத்த ஏற்பாடும். ஆகவே, நீங்களாகப் பார்த்தால்தான் உண்டு.

பூட்டிய கூட்டுக்குள் தண்ணீர் எப்படிப் போகிறது?

நாலாபக்கமும் அடைத்த இரும்புக் கூடு. இதற்குள் எப்படித் தண்ணீர் போகும் என்று கேட்கலாம். கூட்டின் மேல் ஒரு சின்ன மூச்சுக்குழல் இருக்கிறது, அதன் பெயர் பிரீதர். வண்டி ஓடும்போது உள்ளே சூடாகும், காற்று விரியும். அது வெளியேற வழி வேண்டும். இல்லாவிட்டால் ஆயில் சீலைப் பிதுக்கிக்கொண்டு எண்ணெய் வெளியே வரும்.

இப்போது, நன்றாக ஓடிச் சூடான வண்டியைத் தண்ணீர் தேங்கிய சுரங்கப்பாதையிலோ தெருவிலோ இறக்குகிறீர்கள். கூடு சட்டென்று குளிரும். உள்ளே விரிந்திருந்த காற்று சுருங்கும். சுருங்கிய இடத்தை நிரப்ப, பிரீதர் வழியாகவும் தேய்ந்த சீல் வழியாகவும் வெளியில் இருப்பதை உறிஞ்சும். வெளியில் இருப்பதோ தண்ணீர்! சூடான டம்ளரைத் தண்ணீரில் கவிழ்த்து வைத்தால் ஆறும்போது தண்ணீரை உள்ளே இழுக்குமே, அதே கதைதான். ஓடாமல் நின்ற வண்டி என்றாலும், இரண்டு மூன்று நாள் தண்ணீரில் ஊறினால் சீல்களின் வழியே கசிந்துவிடும்.

ஒரு சுலபமான அளவுகோல்: பின்சக்கரத்தில் பாதி வரை தண்ணீர் ஏறியிருந்தால், ஆக்ஸிலின் நடுமட்டம் வரை ஏறிவிட்டது என்று அர்த்தம். சக்கரம் சிறியதாக இருக்கும் குட்டி யானைக்கு முழங்கால் அளவு தண்ணீரே தாராளம்.

தண்ணீர் கலந்த கியர் ஆயில், கிரவுன் கடைந்த கடையில் பால் ஊற்றிய காபி மாதிரி ஆகிவிடும். அப்படி ஆன எண்ணெய்க்குப் படலம் பிடிக்கும் சக்தி குறையும். வண்டி நிற்கும்போது பேரிங்கில் துரு ஏறும். பிறகு ஓடும்போது அந்தத் துருத் துகளே அரத்தூளாக மாறிப் பல்லைத் தின்னும். இதெல்லாம் மெதுவாக நடப்பதால்தான், மழைக்கும் சத்தத்துக்கும் முடிச்சுப் போட நமக்குத் தோன்றுவதில்லை.

காதைக் கொடுங்கள்

டிஃபரென்ஷியல் திடீரென்று சாவதில்லை. முதலில் பேசும்.

குறிப்பிட்ட வேகத்தில் 'ஊய்ங்' என்று ஊளையிட்டு, ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்ததும் சத்தம் மாறுகிறதா? கிரவுனும் பினியனும் உட்காரும் இடம் தேய்ந்திருக்கலாம். ஆக்ஸிலரேட்டர் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் 'கொர்ர்' என்று ஒரே மாதிரி உறுமினால், பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். நேராகப் போகும்போது அமைதியாக இருந்து, திரும்பும்போது மட்டும் கடகடவென்றால் உள்ளே இருக்கும் குட்டிப் பல்சக்கரங்கள். ரிவர்ஸில் இருந்து முதல் கியருக்கு மாற்றும்போது 'டக்' என்று இடித்தால், ஜாயின்ட் ஷாஃப்ட் கிராஸையும் கிரவுனையும் இரண்டையும் பார்க்க வேண்டும்.

டயர் சத்தமாகவும் இருக்கலாமே? அதற்கும் ஒரு வழி இருக்கிறது. வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்டச் சாலை போன்ற வழவழப்பான ரோட்டில் ஒருமுறை, சொரசொரப்பான ரோட்டில் ஒருமுறை, ஒரே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். ரோடு மாறும்போது சத்தமும் மாறினால் டயர். மாறாமல் கூடவே வந்தால் கிரவுன்.

சத்தம் தவிர, கண்ணுக்குத் தெரியும் அடையாளங்களும் உண்டு. ஜாயின்ட் ஷாஃப்ட் வந்து சேரும் இடத்தில் எண்ணெய் கசிந்து தூசி அப்பியிருந்தால், பினியன் சீல் போயிருக்கிறது. பின்சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய் வழிந்திருந்தால் அதைத் தள்ளிப் போடவே கூடாது. ஆக்ஸில் சீல் வழியாக வரும் எண்ணெய் பிரேக் டிரம்முக்குள் போய் லைனிங்கை நனைக்கும். அப்புறம் பிரேக் மிதித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

எண்ணெயே இல்லாமல் ஓடி, பினியன் பேரிங் சூட்டில் இறுகிவிட்டால், ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும். பெருங்களத்தூர் தாண்டி நெடுஞ்சாலையில் 70 கி.மீ வேகத்தில், பின்னால் பஸ் வரும்போது இது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதுவும் உள்ளே பத்துப் பிள்ளைகளோடு போகும் வேன் என்றால்? இது வெறும் மெயின்டனன்ஸ் செலவு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை.

எப்போ மாற்றணும்?

உங்கள் வண்டியின் புத்தகம் சொல்வதுதான் இறுதி வார்த்தை. பொதுவாகப் பல வண்டிகளுக்கு 40,000 முதல் 60,000 கி.மீ-க்குள் ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். எப்போதும் முழு லோடு ஏற்றுபவர்கள், தினமும் நின்று நின்று ஓடும் ஷேர் வேன்காரர்கள் அதற்கு முன்பே மாற்றிவிடுவது நல்லது. புது வண்டியில் பற்கள் ஒன்றோடொன்று பழகும்போது கொஞ்சம் இரும்புத் தூள் உதிரும் என்பதால், சில நிறுவனங்கள் முதல் மாற்றத்தைச் சீக்கிரமே செய்யச் சொல்லும்.

வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு இந்தக் கிலோமீட்டர் கணக்கே கிடையாது. போன மாதம்தான் மாற்றினேன் என்றாலும், திறந்து பாருங்கள். காபி கலர் தெரிந்தால் வடித்து மாற்றுங்கள். மாற்றி ஒரு வாரம் ஓடிய பிறகு மறுபடியும் திறந்து பார்த்து, இன்னும் கலங்கலாக இருந்தால் இன்னொருமுறை மாற்றிவிடுங்கள். கூட்டின் மூலை முடுக்கில் தங்கிய தண்ணீர் ஒரே தடவையில் வராது.

மாற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள்

இது பெரிய வேலை இல்லை. அரை மணி நேரம் போதும். ஆனால், வரிசை முக்கியம்.

1. வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்து, சமதளத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். சூடான எண்ணெய்தான் அழுக்கோடு சேர்ந்து வடியும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் படுக்கக் கூடாது. ஸ்டாண்டு வேண்டும்.

2. முதலில் கழற்ற வேண்டியது மேலே இருக்கும் ஊற்றும் போல்ட்டை. கீழே இருக்கும் வடிக்கும் போல்ட்டை அப்புறம்தான். கீழே உள்ளதை முதலில் கழற்றி எண்ணெயை வடித்துவிட்டு, மேலே உள்ள போல்ட் துருப்பிடித்துத் திறக்க முடியவில்லை என்றால், எண்ணெய் இல்லாத வண்டி ஒர்க் ஷாப்பை விட்டு நகர முடியாது.

3. வடிக்கும் போல்ட்டின் முனையில் காந்தம் இருந்தால், அதில் ஒட்டியிருப்பதை விரலில் தேய்த்துப் பாருங்கள். மை மாதிரி மெல்லிய கறுப்புப் பசை என்றால் வழக்கமான தேய்மானம். கையில் குத்தும் துண்டு, உடைந்த பல் போன்றவை வந்தால் புது எண்ணெய் ஊற்றி மூடிவிடாதீர்கள். திறந்து பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

4. போல்ட்டுக்குப் புது வாஷர் போடச் சொல்லுங்கள். சில ரூபாய் விஷயம். பழையதையே போட்டால் சொட்டு சொட்டாகக் கசியும்.

5. புது எண்ணெயை, ஊற்றும் துளையின் விளிம்பு வரை, அதாவது தானாக வழியத் தொடங்கும் வரை ஊற்றுவதுதான் பெரும்பாலான வண்டிகளுக்கு அளவு. 'இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்' என்று வண்டியைச் சாய்த்து வைத்து ஊற்றினால், நுரைத்து சீலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்.

6. பிரீதரைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். சேறு அடைத்த பிரீதர்தான் பல ஆயில் சீல்களின் எமன். அதில் ஒரு ரப்பர் குழாய் பொருத்தி உயரமான இடத்துக்குக் கொண்டுபோகும் வசதி உங்கள் வண்டிக்கு உண்டா என்றும் கேளுங்கள். பல ஜீப் வகை வண்டிகளில் கம்பெனியே அப்படித்தான் கொடுக்கிறது.

செலவு? சின்ன வேன்களுக்கு எண்ணெயும் கூலியும் சேர்த்தாலும் நூறுகளில் முடிந்துவிடும் அல்லது ஆயிரத்தைச் சற்றுத் தாண்டும். கிரவுன், பினியன், பேரிங் என்று இறங்கினால் கணக்கு பல ஆயிரங்களுக்குப் போகும். அதோடு வண்டி நிற்கும் நாட்களின் வருமானமும் போச்சு. தினசரி ஓட்டி, மாதாமாதம் டியூ கட்டுபவருக்கு அந்த நாட்கள்தான் பெரிய அடி.

செலவைக் குறைக்கப் புதுப்பேட்டையில் பழைய பாகம் தேடுபவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். கிரவுனும் பினியனும் ஜோடியாகத் தேய்த்துப் பொருத்தப்பட்டவை. ஒரு வண்டியின் கிரவுனுக்கு இன்னொரு வண்டியின் பினியன் ஒத்துப்போகாது. வாங்கினால் ஜோடியாகவே வாங்குங்கள்.

டயரும் ஒரு வில்லன்

ஒரு பக்கம் புது டயர், இன்னொரு பக்கம் நன்றாகத் தேய்ந்த டயர். இதைப் பல லோடு வண்டிகளில் பார்க்கலாம். இரண்டின் சுற்றளவும் வேறு என்பதால், நேர் ரோட்டில்கூட ஒரு சக்கரம் இன்னொன்றைவிட அதிகமாகச் சுற்றும். திருப்பத்தில் மட்டும் உழைக்க வேண்டிய குட்டிப் பல்சக்கரங்கள், திண்டிவனம் வரைக்கும் ஓய்வில்லாமல் உழைக்கும். பின்பக்க டயர்களை ஜோடியாக மாற்றுங்கள், காற்றையும் ஒரே அளவில் வையுங்கள்.

சேற்றில் ஒரு சக்கரம் சிக்கி மற்றது நின்றுவிட்டால், ஆக்ஸிலரேட்டரை மிதித்துக்கொண்டே இருக்காதீர்கள். இரண்டு சக்கரங்களின் சராசரி வேகம்தான் கிரவுனின் வேகம். ஒன்று நின்றுவிட்டால் மற்றது இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும். ஸ்பீடோமீட்டர் 40 காட்டும்போது சுழலும் சக்கரம் 80-ல் சுற்றிக்கொண்டிருக்கும். எண்ணெய் சரியாகப் போய்ச் சேராத அந்தக் குட்டிப் பல்சக்கரங்கள் அந்த வேகத்தில் சில நிமிடங்களிலேயே பொசுங்கிவிடும். டயருக்கு முன்னால் கோணிப்பையையோ செங்கல் ஜல்லியையோ போட்டு, மெதுவாக நகர்த்துங்கள்.

இன்ஷூரன்ஸ் எடுத்தவங்க கவனிங்க

தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ் மட்டும் வைத்திருந்தால், வெள்ளத்தில் உங்கள் வண்டிக்கு ஏற்பட்ட சேதத்துக்கு ஒன்றும் கிடைக்காது. காம்ப்ரிஹென்ஸிவ் பாலிசி எடுத்தவர்கள் க்ளெய்ம் செய்யலாம். ஆனால், வழக்கமான தேய்மானத்துக்கும் மெக்கானிக்கல் பழுதுக்கும் அதில் இடமில்லை. ஆறு மாதம் கழித்து 'கிரவுன் போயிடுச்சு, அது அந்த மழையால்தான்' என்று சொன்னால் நிரூபிப்பது கஷ்டம். எனவே, சர்வேயர் வண்டியைப் பார்க்க வரும்போதே டிஃபரென்ஷியல் எண்ணெயையும் திறந்து காட்டச் சொல்லுங்கள். கலங்கலாக இருந்தால் போட்டோ எடுத்து, எஸ்டிமேட்டில் அதையும் எழுதச் சொல்லுங்கள். தண்ணீர் எந்த மட்டம் வரை நின்றது என்று சக்கரத்தோடு சேர்த்து எடுத்த ஒரு போட்டோவும் பின்னால் கைகொடுக்கும்.

பழைய எண்ணெய் எங்கே போகணும்?

வீட்டு வாசலிலேயே மாற்றுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வடித்த எண்ணெயைத் தெருக் கால்வாயில் ஊற்றிவிடாதீர்கள். 2016-ம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின்படி, பயன்படுத்திய எண்ணெய் அபாயக் கழிவு. கிழக்குப் பக்கம் செம்பாக்கம் ஏரி வழியாக வழியும் நீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குத்தான் போகிறது. 2022-ல் ராம்சார் பட்டியலில் இடம்பிடித்த அதே சதுப்பு நிலம். மேற்குப் பக்கம் முடிச்சூரில் ஊற்றினால், அடையாறு. பழைய கேனில் ஊற்றி மூடி, எண்ணெய் சேகரிக்கும் ஒர்க் ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

இந்த வார வீட்டுப்பாடம்

உங்கள் வண்டி முன்சக்கர இழுவையா, பின்சக்கர இழுவையா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பின்சக்கரம் என்றால் சர்வீஸ் பில்களை எடுத்து, டிஃபரென்ஷியல் ஆயில் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று தேடுங்கள். பல பில்களில் அந்த வரியே இருக்காது. இல்லையென்றால், அடுத்த மழைக்கு முன்பு ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள். போன மழையில் வண்டி தண்ணீரில் நின்றிருந்தால், இந்த வாரமே பார்க்கச் சொல்லுங்கள்.

அப்படியே, உங்கள் பிள்ளை போகும் ஸ்கூல் வேனை ஓட்டும் அண்ணனிடம் நாளை காலை ஒரு வார்த்தை கேளுங்கள்: "அண்ணே, கிரவுன் ஆயில் எப்போ மாத்துனீங்க?"

அடுத்த வாரம், மழையில் பிரேக் டிரம் ஏன் 'கீச்'சென்று கத்துகிறது என்று பார்ப்போம்.